தரகரின் கையொப்பம் எங்கே?

நிலம் விற்பவர் கையொப்பமிடுகிறார். பெருவிரற் பதிவும் வைக்கிறார். வாங்குபவரும் அவ்வாறே செய்கிறார். இன்னார் இன்னாரே என்று கூறுதற்குச் சான்றாளர் இருவர் தத்தம் பெயரும் ஊரும் எழுதி ஒப்பமிடுகின்றனர். ஆவணம் எழுதியவர் தம் பெயரையும் உரிம எண்ணையும் கடைசித் தாளின் அடியிற் குறிக்கிறார்; 1982ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகள் அவரையும் கணக்கிற்குள் கொண்டுவந்துள்ளன. இறுதியிற் சார்பதிவாளர் ஒப்பமிட்டு அரசு முத்திரை வைக்கிறார். இத்துணைப் பேரையும் ஓரிடத்திற் கொணர்ந்து சேர்த்தவர், நிலத்தை முதன்முதலிற் கண்டறிந்தவர், விலையைப் பேசி முடித்தவர், முற்பணத்தைக் கைமாற்றிக் கொடுத்தவர், இரு சாராரிடத்தும் கூலி பெற்றவர் ஒருவர் மட்டும் பதிவகத்திற்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் பெயர் அவ்வாவணத்தின் எந்தத் தாளிலும் இல்லை. அவரே தரகர்.

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வட்டாரங்களில் இன்று நிலம் கைமாறும் விரைவை நோக்குவார்க்கு இஃதொரு சிறு குறையாகத் தோன்றாது. 2019 நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைநகர் என்னும் பெயர் ஓர் ஊருக்கு வந்தவுடன் அதன் சுற்றுப்புற வயல்களுக்கு மனைவிலை வந்துவிடுகிறது. சாரற் பருவத்தில் அருவியாட வருவோர் நீராடி மட்டும் திரும்புவதில்லை. மலையடிவாரத்தில் ஐந்து சென்று நிலம் கிடைக்குமா என்றும் உசாவிச் செல்கின்றனர். அவ்வுசாவலுக்கு முதல் விடை கூறுபவர் தரகர். ஆகலின், தரகர்க்குச் சட்டம் விதித்துள்ள கடமை யாது, அவர் அதில் தவறினால் கேட்பார் யார் என்னும் இரண்டையும் தமிழ்மக்கள் தெரிந்துகொண்டே ஆகல் வேண்டும்.

தரகு என்பது பழந்தமிழ்ச் சொல். 'புரோக்கர்' என்னும் பெயருக்கு வந்துவிட்ட இழிவை மறைத்தற்கு 'ரியல் எசுடேட்டு கன்சல்டண்டு' என்று பலகை மாட்டிக்கொள்வார் பலர். பலகை மாறியதேயன்றிப் பொறுப்பு மாறவில்லை. பல்லவர் செப்பேடுகளில் அரசுக்குரிய வரிகளுள் ஒன்றாகத் தரகு குறிக்கப்படுகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தரகர் அரசின் கணக்கில் இருந்தார் என்பது இதனால் விளங்கும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகாமலும் கொடுப்பதைக் குறையாமலும் தம் பொருளின் நிலையை வெளிப்படக் கூறி விற்றனர் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. வெளிப்படக் கூறுதல் என்பதே வணிகத்தின் அறம் என்று கண்ட இனத்தின் ஊர்களில்தான், நிலத்தின் குறையை மறைத்துப் பேசுவதே தரகுத் திறமை என்னும் நிலை இன்று வந்திருக்கிறது.

காணி என்னும் சொல் தமிழில் நில அளவையும் குறிக்கும். வழிவழி வந்த நிலவுரிமையையும் குறிக்கும். நிலமும் உரிமையும் பிரியாதவை என்பதை அச்சொல்லே காட்டும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்தவர். அந்நூலுக்குப் பரிசிலாக மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. நூலின் பெயர் நிலத்திற்கு ஆயிற்று. பழைய கல்வெட்டுகளோ, உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் எவையெவை என்பது வரை சொல்லி, நான்கெல்லை காட்டியே நிலத்தைக் கைமாற்றும். ஆவணங்களைக் காட்டி உறுதி செய்யும் இடத்திற்கு ஆவணக்களரி என்று பெயர் வழங்கியதும் அவற்றாலேயே தெரிகிறது. எல்லையும் உரிமையும் அறியாமல் அந்நாளில் நிலம் விலைபோகவில்லை.

இன்று நிலை வேறு. பதிந்துவிட்டால் நிலம் தமதாகிவிட்டது என்று எண்ணுவோரே மிகப்பலர். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறது. உரிமைக்கு உறுதி கூறுவதில்லை. இவ்வேறுபாடு ஊர்ப்புறத்தாரில் எத்தனை பேர்க்குத் தெரியும்? பொய்யாவணங்கள் பெருகியதைக் கண்டு, முன்னைய மூல ஆவணத்தைக் காட்டினாலன்றிப் பதிவு செய்யலாகாது என்னும் 55அ விதியைத் தமிழக அரசு 2022இல் கொணர்ந்தது. 2025 ஏப்பிரல் 7ஆம் நாள் இந்திய உச்ச நயன்மன்றம், அவ்விதி 1908ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முரணானது என்று கூறி நீக்கிவிட்டது. விற்பவர்க்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது பதிவாளரின் வேலையன்று. எழுதிக் கொடுத்தவர் தாமே எழுதியதை ஒப்புக்கொண்டு, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் செலுத்தினால் அவர் பதிய வேண்டியவரே என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் தமிழகச் சட்டமன்றம் அதே நோக்கத்தைச் சட்டத் திருத்தமாகவே கொணர முற்பட்டது. ஆயினும், மூல ஆவணம் ஒன்று மேசைமேல் வைக்கப்படுவதாலேயே அது மெய்யாவணம் ஆகிவிடாது.

பெரியபுராணத்தில் இதற்கொரு காட்சி உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையில், சுந்தரர் தம் அடிமை என்று வழக்குரைத்த முதியவர், கிழிக்கப்பட்டது படியோலையே என்று கூறி மூலவோலையைக் காட்டுகிறார். அவையோர் அதனையும் கண்டவுடன் ஏற்கவில்லை. சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டு நோக்கிய பின்னரே முடிவு கூறுகின்றனர். கடவுட்கதை என்று அதனைத் தள்ளுவாரும், அதிலுள்ள வழக்காடு முறையைத் தள்ளவியலாது. அங்ஙனம் ஒப்பிட்டு நோக்கும் வேலையை இன்று பதிவாளர் செய்யவில்லை. வாங்குபவர்க்குச் செய்யத் தெரியவில்லை. எஞ்சி நிற்பவர் தரகர் ஒருவரே. நிலத்தின் வரலாறு முழுவதும் அவர்க்குத்தான் தெரியும். தெரியாமல் அவர் அந்நிலத்தின் பக்கமே சென்றிருக்கமாட்டார்.

இலஞ்சியிலோ வல்லத்திலோ ஒரு நன்செய் இருப்பதாகக் கருதுக. தந்தை மறைந்துவிட்டார். பட்டா மூத்த மகன் பெயரில் உள்ளது. காரணம் வேறொன்றுமன்று: 1979 முதல் எண்பதுகளின் இடைப்பகுதி கடந்தும் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது ஊரிலிருந்தவர் அவர், ஏட்டில் ஏறிய பெயரும் அவர் பெயரே. இளையவர் மும்பையில் கடை வைத்திருக்கிறார். உடன்பிறந்த மகளிர் இருவர் கணவன்மார் ஊர்களில் வாழ்கின்றனர். வாங்க வருபவரிடம் தரகர் கூறுவது இது: "பட்டா அண்ணாச்சி பெயரில் இருக்கிறது, தங்கையரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை முடியாது." வாங்குபவரும் தலையசைக்கிறார். பத்தாண்டு கழித்துத் தங்கை ஒருவர் பங்கு கேட்டு வழக்கிடுங்கால், மனையில் வீடு எழும்பியிருக்கும். வங்கிக் கடன் ஏறியிருக்கும். தரகர் வேறெங்கோ வேறு நிலம் பேசிக்கொண்டிருப்பார்.

பட்டா என்பது வருவாய்த்துறையின் தீர்வைப் பதிவு. அதுவே உரிமைக்கு முடிந்த சான்றாகாது என்று நயன்மன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறியுள்ளன. தந்தை தாமே ஈட்டிய நிலத்தில் 1956ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைச் சட்டப்படியே மகளிர்க்குப் பங்குண்டு. முன்னோர்வழி நிலத்தில், அன்று மணமாகாதிருந்த மகளிர்க்கு ஆண்மக்களை ஒத்த உரிமையைத் தமிழகம் 1989இலேயே வழங்கிற்று. நடுவணரசு 2005இல் அதனை விரித்தது. இவை தரகர்க்குத் தெரியாதவை அல்ல. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதும் முழு விடையன்று. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் அதில் வாராது; இறுதிமுறி எழுதி வைத்திருப்பின் அதுவும் வாராது. இவற்றை ஊரிற் சென்று உசாவினால்தான் அறியவியலும். ஊரிற் சென்று உசாவும் வாய்ப்புப் பெற்றவர் யார்? தரகரன்றோ!

நெல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஆவணங்களில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று அளவு காணும். அஃது இத்துணை மரக்கால் விதை பிடிக்கும் நிலம் என்பதன்றி, நூல் பிடித்து அளந்த பரப்பன்று. அதனை ஏக்கராகவும் சென்றாகவும், பின்னர் எக்டேராகவும் மாற்றுகையில் நிலம் சிலர் வாயில் வளர்கிறது. சிலர் வாயில் தேய்கிறது. செங்கோட்டைப் பகுதியோ 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து தாய்த்தமிழகத்துடன் வந்து சேர்ந்தது. அதற்கு முற்பட்ட ஆவணங்கள் வேறோர் ஆட்சியின் நிலமுறைப்படி எழுதப்பட்டவை. போராடி மீட்ட மண்ணின் உரிமைத்தாளைப் படித்துக் கூறுதற்கு ஆளில்லாமல், தரகர் கூறியதே வரலாறு என்று வாங்குவது கொடுமையினுங் கொடுமை.

சட்டம் தரகரை அறவே விட்டுவிட்டதோ எனின், இல்லை. 1872ஆம் ஆண்டின் உடன்படிக்கைச் சட்டம் முகவர்க்கென்று ஒரு முழுப் பகுதியையே ஒதுக்கியுள்ளது. ஏவியவர் சொன்னவாறு ஒழுகுதல், தொழிலுக்கேற்ற திறமும் விழிப்பும் காட்டுதல், கேட்டபோது கணக்குக் காட்டுதல் ஆகியவை முகவரின் கடன்கள். அமர்த்தியவர்க்குத் தெரியாமல் அவ்வணிகத்தில் தமக்கென்று அடித்துக்கொண்ட ஊதியத்தை, அமர்த்தியவர் திரும்பக் கேட்கலாம் என்றும் அச்சட்டம் கூறும். விற்பவர் இருபது நூறாயிரம் உருபா கேட்ட நிலத்தை இருபத்தைந்து என்று கூறி, நடுவிலுள்ள ஐந்தை மடியிற் கட்டிக்கொள்ளும் தரகர், அதைத் தம் கைத்திறம் என்று எண்ணலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது பிறர் பணம்.

இதனினும் தெளிவானது 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். 2017 மே முதல் நாள் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போடுவோர் அதனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிந்தாக வேண்டும். அத்தகைய மனையை விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவெண் பெற்றாக வேண்டும். அவ்வெண்ணைத் தாம் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் குறித்தாக வேண்டும். பதியாத மனைப்பிரிவின் விற்பனைக்கு அவர் துணைபோகலாகாது. கணக்கேடுகளையும் ஆவணங்களையும் பேணி வைத்தல் வேண்டும். இல்லாத வசதியை உள்ளதாகக் கூறி விளம்பரம் செய்யலாகாது. வாங்குபவர் பெறவேண்டிய செய்திகளும் ஆவணங்களும் அனைத்தும், மனையைப் பேசி முடிக்கும்போதே அவர் கைக்கு வந்து சேரத் தரகர் உதவவேண்டும். தவறுவாராயின் நாளொன்றுக்குப் பத்தாயிரம் உருபா வீதம், மனைவிலையில் நூற்றுக்கு ஐந்து வரை ஒறுப்புத் தொகை உண்டு. ஏமாற்றிப் பதிவு பெற்றவரின் பதிவை நீக்கவும் செய்யலாம். நிலத்தின் உரிமையிற் குறை இருந்து வாங்கியவர்க்கு இழப்பு வருமாயின், மனைபோட்டவர் ஈடு செய்யவேண்டும். அவ்வீட்டைக் கேட்பதற்குக் காலவரம்பு கூட இல்லை. மிக நல்ல சட்டம்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. பதியப்பட்ட மனைப்பிரிவை விற்கும் தரகர்க்கே இச்சட்டம். ஒருவர் தம் வீட்டையோ வயலையோ தோப்பையோ மற்றொருவர்க்கு விற்றால், நடுவில் நின்ற தரகர் இதற்குள் அகப்படார். தென்காசியிலும் செங்கோட்டையிலும் நாடோறும் நடப்பவற்றுள் இத்தகைய தனித்தனி விற்பனைகளே சிற்றூர்க் குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானிப்பவை. பெரிய மனைப்பிரிவில் வாங்கும் பொருளுடையார்க்குக் காவல் இருக்கிறது. மூன்று மரக்கால் விதைப்பாட்டை மகள் திருமணத்திற்கு விற்கும் கைம்பெண்ணுக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டமே துணை. அதைக் கொண்டு அவர் வழக்காடித் தொகை பெறுவதற்குள் அம்மகளின் மகளுக்குத் திருமணம் வந்துவிடும்.

குற்றாலத்திற்கு வருவோம். அங்கே தரகரின் வாய்ச்சொல் ஒரு குடும்பத்தை மட்டுமன்றி ஒரு மலையையே கெடுக்க வல்லது. அடிவாரத்திலும் சரிவிலும் நிலம் என்று காட்டப்படுவதெல்லாம் விற்கத்தக்க நிலம் அன்று. கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் இசைவின்றி விற்கவோ, ஐந்தாண்டிற்கு மேல் குத்தகைக்கு விடவோ இயலாது. விற்றால் செல்லாது என்பது 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருப்பின், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் இசைவு முன்னதாகவே வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள ஊராயின் கட்டடம் எழுப்ப அதன் ஒப்புதலும் வேண்டும். ஓடையும் ஆறும் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுடைமை. "சொந்த ஓடையுடன் கூடிய தோப்பு" என்று தரகர் ஒருவர் கூறுவாராயின், விற்பவர்க்கே இல்லாத ஒன்றை அவர் விலைகூறுகிறார் என்பது பொருள்.

இது வெறும் அச்சமன்று. இயற்கை நீரோட்டத்தை மடைமாற்றித் தம் வளாகத்துக்குள்ளேயே செயற்கை அருவிகள் அமைத்துக்கொண்ட தனியார் விடுதிகள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, சென்னை உயர் நயன்மன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அவற்றைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க ஆணையிட்டது. குற்றாலத்து மலையில் தோன்றும் சிற்றாறு, கீழே நூற்றுக்கணக்கான வயல்களை நனைத்துவிட்டுத் தண்பொருநையிற் சென்று கலப்பது. மேலே ஒருவர் வாங்கிய நிலத்தில் நீர் திரும்பினால், கீழே பட்டாவும் விலையாவணமும் வைத்திருக்கும் உழவர் வைத்திருப்பது தாள் மட்டுமே. நிலம் இருந்தும் நன்செய் போய்விடும்.

வயலைக் கூறுபோட்டு விற்றவர்களின் கதை தனி. ஒப்புதல் பெறாத மனைகளைப் பதியலாகாதென்று 2016 செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர் நயன்மன்றம் தடையிட்டபோது, முன்னரே முற்பணம் கொடுத்திருந்தவர்களும், பொது அதிகார ஆவணத்தையே விலையாவணம் என்று நம்பியிருந்தவர்களும் திகைத்து நின்றனர். அதிகார ஆவணத்தால் நிலவுரிமை மாறாது என்று உச்ச நயன்மன்றம் 2011 அக்டோபரிலேயே தெளிவாகக் கூறியிருந்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டிப் பலர் மீண்டனர். அக்கட்டணத்தில் ஒரு காசேனும் தரகர் கொடுத்ததாகச் செய்தியில்லை.

தரகர் எல்லாரும் தீயரோ எனின், அங்ஙனம் கூறுவது முறையன்று. பழுதுள்ள நிலம் என்று கண்டவுடன் "இதைத் தொடாதீர்கள்" என்று எச்சரித்துத் தம் கூலியை இழந்த தரகரும் இவ்வூர்களில் உண்டு. கிராமத்தாரின் பங்காளிச் சண்டைகளைத் தீர்த்துவைத்து, மும்பையிலுள்ள தம்பியையும் மணமாகிப் போன தங்கையையும் ஒரே நாளில் பதிவகத்திற்கு வரவழைத்து ஒப்பமிடச் செய்பவர், வழக்கறிஞராலும் இயலாத பணியைச் செய்கிறார். அத்தகையோர்க்குக் கூலி கூட்டிக் கொடுப்பதே தக்கது. "வழிகாட்டியதோடு எங்கள் வேலை முடிந்தது, தாளைப் பார்ப்பது வாங்குபவர் வேலை" என்று கூறுவோரே கேள்விக்குரியோர். வழிகாட்டியதற்கு மட்டும் எவரும் நூற்றுக்கு இரண்டு கொடுப்பதில்லை. நம்பிக்கைக்கே அக்கூலி கொடுக்கப்படுகிறது.

நேர்மையான தரகர்க்கும் ஏமாற்றுபவர்க்கும் வேறுபாடு தெரியாமற் போனதற்கு மொழியும் ஒரு காரணம். மேற்கூறிய சட்டங்களெல்லாம் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவை. அவற்றுக்குப் பொருள் கூறும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. தமிழை உயர் நயன்மன்ற மொழியாக்க வேண்டும் என்று 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று, அது நிறைவேறவில்லை. தன் நிலத்தைக் காக்கும் சட்டம் தன் மொழியில் தன் காதில் விழாத உழவர்க்கு, தரகர் மொழிபெயர்த்துக் கூறுவதே சட்டமாகிவிடுகிறது. தரகரின் கடமைகளைக் கூறும் அவ்வொரு பிரிவை மட்டுமாவது நல்ல தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் என எல்லா ஊர்ப் பதிவகச் சுவர்களிலும் அரசு மாட்டி வைக்கட்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டா; ஒரு பலகையும் சிறிது வண்ணமும் போதும்.

புதிய விதி ஒன்றும் வேண்டியதுண்டு. தனியார் விற்பனையாயினும் சரி, மனைப்பிரிவாயினும் சரி, இடைநின்ற தரகரின் பெயர், முகவரி, பதிவெண், பெற்ற கூலி ஆகிய நான்கும் விலையாவணத்தில் இடம்பெறவேண்டும் என்று தமிழக அரசு ஆக்கல் வேண்டும். ஆவணம் எழுதியவர் பெயரைக் கேட்கும் பதிவுத்துறைக்கு, அவ்வாவணத்தை உண்டாக்கியவர் பெயரைக் கேட்பதில் என்ன தயக்கம்?

விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் உடன்பட்டால் ஆவணத்தில் இதனை இன்றே எழுதலாம்: "இவ்விற்பனை இன்ன ஊர் இன்னார் வழியாகப் பேசி முடிக்கப்பட்டது. மூல ஆவணம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மரபுரிமையர் சான்று ஆகியவற்றை அவர் காட்டினார். உரிமையர் அனைவரும் ஒப்பமிட்டுள்ளனர் என்று அவர் உறுதி கூறினார். அவர் பெற்ற தரகுக் கூலி இவ்வளவு." அதன்கீழ்ச் சான்றாளருள் ஒருவராகத் தரகரே கையொப்பமிடட்டும். மனைப்பிரிவெனின், அவருடைய பதிவெண்ணை ஒழுங்குமுறைக் குழுமத்தின் வலைத்தளத்தில் முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பார்த்துக்கொள்ளலாம். அங்கே அவர் பெயர் இல்லையெனின், அல்லது ஆவணத்தில் ஒப்பமிட அவர் மறுப்பாரெனின், முற்பணம் மடியிலேயே இருக்கட்டும்.